மணி அடிக்காதபோது ஆகும் செலவு

மாமியார் படுத்த படுக்கையான பிறகு அந்த வீட்டில் ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. "ஏதாவது வேணுமா அத்தை?" பதிலும் ஒன்றுதான். "வேண்டாம்." மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து கேட்பாள். கேட்காமல் இருந்தால் மனம் அரிக்கும், கேட்டுக்கொண்டே இருந்தால் கால் கடுக்கும். பத்துத் தடவை கேட்டால் ஒரு தடவை நிஜமாகவே ஏதாவது வேண்டியிருக்கும். மற்ற ஒன்பதும் வெட்டி நடை.

ஒரு நாள் மாமியாரே சலித்துவிட்டார். பக்கவாதம் வலது பக்கத்தையும் பாதிப் பேச்சையும் எடுத்துக்கொண்டிருந்தது. நாக்கின் கூர்மையை மட்டும் தொடவில்லை.

"சும்மா சும்மா வந்து நிக்காதடி. நான் என்ன ரயில் வருதான்னு வந்து வந்து பாக்கறதுக்கு ரயில்வே கேட்டா? வேணும்னா நானே கூப்பிடறேன்."

"எப்படிக் கூப்பிடுவீங்க? நீங்க பேசறது கட்டிலைத் தாண்டறதில்ல."

"ஒரு மணி வாங்கி வை. இடது கை என்ன செத்தா போச்சு?"

கணவன் மறுநாளே கடைக் கவுண்டர்களில் வைத்திருக்கும் தட்டு மணி ஒன்று வாங்கிவந்தான். கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் வைத்தார்கள். அன்றிலிருந்து மருமகள் மணி அடித்தால் மட்டும் போனாள். கால் வலி குறைந்தது. இதை அவள் ஒரு கண்டுபிடிப்பாகவே நினைத்தாள். பின்னால் வேலைக்குப் போனபோது தலையில் வைத்துக்கொண்டு போனதும் இதைத்தான்.

அவள் சிப் வடிவமைக்கிறவள். மாமியாருக்காக வேலையை விட்டிருந்தாள். வீட்டில் யாரும் விடச் சொல்லவில்லை. "யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்ல" என்று கணவன் சொன்னான், அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன், கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் 'யாராவது ஒருத்தர்' என்றால் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஊருக்குள்ளேயே இருந்த நாத்தனார் போனில் மட்டும் வந்தாள். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அண்ணி நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்பாள். நிஜமாகவே நிம்மதியாகத்தான் தூங்கினாள்.

சில வருடங்கள் இப்படிப் போன பிறகு பழைய சகா ஒருவர் மூலம் ஒரு வேலை வந்தது. தண்ணீர் மீட்டருக்கான சிப். தெருவுக்கு அடியில், குழாயோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். உள்ளே சீல் வைத்த பேட்டரி; மாற்ற முடியாது. பேட்டரி செத்தால் தெருவைத் தோண்ட வேண்டும். ஆகவே சிப் முடிந்தவரை பட்டினி கிடந்து வேலை செய்ய வேண்டும்.

குழுவின் தலைவரை எல்லோரும் 'தலை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தலையில் முடி இல்லாததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்வார்.

"நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று நேர்காணலில் கேட்டார்.

"ஒருத்தரப் பாத்துக்கிட்டேன்."

"இங்க ஆயிரக்கணக்கான பேரைப் பாத்துக்கணும். எல்லாம் தூங்கிக்கிட்டே கரண்டைத் தின்னும்."

அவர் சொன்னது ஃபிளிப்-ஃபிளாப்களை. சிப்புக்குள் இருக்கும் மிகச் சிறிய ஞாபகம் அது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைப் பிடித்துவைத்திருக்கும். கிளாக் என்ற துடிப்பு ஒவ்வொரு தடவை வரும்போதும் வாசலில் புதிதாக ஏதாவது வந்து நிற்கிறதா என்று பார்க்கும். நின்றால் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றும் நிற்காவிட்டாலும் பார்க்கத்தான் செய்யும், பார்ப்பதற்குக் கரண்ட் ஆகும். யாரும் குழாயைத் திறக்காத வீட்டின் மீட்டரில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? நாள் முழுக்க வேணுமா, வேண்டாம், வேணுமா, வேண்டாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு ஒரு ஐடியா இருக்கு சார்" என்றாள்.

தலை பேரத்தை மறைக்கவில்லை. ஒப்பந்த வேலை. சிப்பின் வரைபடம் ஃபேக்டரிக்குப் போகும்வரைதான். அவளுடைய புது செல், அதாவது அவள் யோசித்திருந்த புது மாதிரி ஃபிளிப்-ஃபிளாப், அதில் இடம்பிடித்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த சிப்பும், அதற்கடுத்ததும் அதைக்கொண்டுதான் கட்டுவார்கள். இல்லையென்றால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டிலும் ஏறக்குறைய அதே ஒப்பந்தம். பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை வைத்தார்கள். "இது நிரந்தரம் ஆச்சுன்னா நர்ஸம்மாவும் நிரந்தரம்" என்றான் கணவன். "இல்லன்னா..." அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை.

வேலை நன்றாகப் போனது. வழக்கமான ஃபிளிப்-ஃபிளாப்புக்குள் கிளாக்கைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்க இரண்டு குட்டி இன்வெர்ட்டர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் அவை குதிக்கும். அவள் இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். கிளாக் ஒயரை நேராக உள்ளே கொண்டுவந்து டிரான்சிஸ்டர் என்ற குட்டி சுவிட்சுகளின் மேல் விட்டாள். வாசலில் நிற்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் செல் வாயே திறக்காது. வேறாக இருந்தால் மட்டும் எழுந்திருக்கும். அதாவது, மணி.

கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டினாள். பழைய செல் தின்றதில் பாதிதான் புதிது தின்றது. நம்பாமல் மறுபடி ஓட்டினாள். அதே பாதி. தலை அவள் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, செல்லா சாமியாரா? காத்தக் குடிச்சே உயிர் வாழுது" என்றார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவளுக்கு அதுகூடத் தன் திறமையாகத் தோன்றியது.

வீட்டில் நர்ஸம்மா முறைப்பாக இருந்தாள்.

"எனக்கு உடம்பெல்லாம் அசந்து போகுதுக்கா."

"ஏன், ரொம்ப மணி அடிக்கறாங்களா?"

"எங்க? காலைல ரெண்டு, மத்தியானம் ஒண்ணோ ரெண்டோ."

"அவ்வளவுதானா? அப்ப என்ன அசதி?"

"அடிச்சாப் போயிடலாம்க்கா. அடிக்காதப்பதான் கஷ்டம். குளிக்கறப்பக்கூடப் பைப்பை மூடி மூடிக் கேக்கறேன்."

அவளுக்கு இது நொண்டிச் சாக்காகப் பட்டது. நாலு தடவை எழுந்திருக்க ஒரு ஆள் அசந்துபோவாளா? கட்டிலில் இருந்து மாமியார் சிரித்தார். "பொம்பள பொய் சொல்றா. டிவி சத்தத்துல நான் அடிச்சா அவளுக்குக் கேக்கவே கேக்காது." நர்ஸம்மாவும் சிரித்துவிட்டாள். விஷயம் அதோடு போயிற்று.

செல்லைச் சிப்பில் வைத்துப் பார்க்கும் வாரம் வந்தது. அது மரக்காரருடைய வேலை. கிளாக் ஓரிடத்தில் பிறந்து எல்லா ஃபிளிப்-ஃபிளாப்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அடிமரம் ஒன்று, அதில் கிளைகள், கிளைக்குக் கிளை தள்ளிவிட ஒரு பஃபர், நுனியில் இலை இலையாக ஃபிளிப்-ஃபிளாப்கள். இந்த மரத்தை வளர்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். தலையைவிட வயதில் மூத்தவர். இரண்டு தடவை பதவி உயர்வைத் தட்டிக்கழித்தவர். காரணம் கேட்டால், "ஆளுங்கள மேய்க்கறதுக்கு மரமே தேவல" என்பார்.

அவர் டீ கப்போடு அவள் இருக்கைக்கு வந்து நின்றார். குடிக்கவில்லை.

"என்னம்மா, உன் இலையெல்லாம் இவ்ளோ கனமா இருக்கு?"

"கனமா? பழசு சாப்பிடறதுல பாதிதாண்ணே சாப்பிடுது."

"அதும் வீட்ல பாதிதான் சாப்பிடுது. மிச்சத்துக்கு என் வீட்டுக்கு வந்துடுது."

அவர் தன் திரைக்குக் கூட்டிப்போனார். பழைய செல்லோடு வளர்த்த மரம் ஒரு பக்கம், அவளுடைய செல்லோடு வளர்த்த மரம் மறுபக்கம். இரண்டாவதில் கிளைகள் தடித்திருந்தன. கிளாக் ஒயரில் நேராகத் தொங்கும் டிரான்சிஸ்டர்கள் கூடிவிட்டதால், அத்தனையையும் தள்ள பஃபர்கள் பெருத்துவிட்டன. அந்த பஃபர்களைத் தள்ள அதற்கு மேலே இன்னும் பெரியவை. மொத்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார். பழைய சிப்பைவிடப் புதிய சிப் கொஞ்சம் அதிகமாகவே தின்றது.

"உன் டெஸ்ட் ஃபைலைத் தொறம்மா. கிளாக் எங்கேருந்து வருது?"

திறந்தாள். மேலே இரண்டாவது வரியில் இருந்தது. ஐடியல் சோர்ஸ். நிஜத்தில் எங்கும் கிடையாத ஒரு மின்மூலம். சிமுலேஷனில் மட்டும் உண்டு. எவ்வளவு கேட்டாலும் தரும், களைக்காது, அது கொடுப்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. முதல் நாள் செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவசரத்துக்கு வைத்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு நிஜ பஃபர்களைப் போட வேண்டும், அவை தின்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும் முதல் மாதத்தில் கற்கிற பாடம். அவளுக்கும் தெரியும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த ஃபைலைப் பிரதி எடுத்து அடுத்தது, அதைப் பிரதி எடுத்து அடுத்தது. அந்த வரி கூடவே வந்தது. நன்றாக வேலை செய்கிற எதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஊத்தியிருக்கே போ" என்றார் மரக்காரர். திட்டுகிற குரலில் இல்லை. டீயை இப்போதுதான் ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"தலைக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. மரத்த இன்னும் சரியா வளக்கல, அதான் இவ்ளோ தின்னுதுன்னு எழுதிக் குடுத்துடறேன். என்மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. சிப் ஃபேக்டரிக்குப் போய் வந்து, அளந்து, கண்டுபிடிக்கறதுக்குள்ள நீ நிரந்தரம் ஆயிடுவ."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் சேந்து தலைல கைய வச்சுக்குவோம். தலையும் தலைல கைய வச்சுக்குவாரு, அவருக்கு வழுக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் குடுங்கண்ணே. டிரான்சிஸ்டர சின்னது பண்ணிப் பாக்கறேன்" என்றாள்.

அந்த வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிளாக் ஒயரில் தொங்கும் டிரான்சிஸ்டர்களைச் சுருக்கினாள். எடை குறைந்தது, மரம் மெலிந்தது, மொத்தக் கணக்கு பழையதைவிடக் கீழே இறங்கியது. ஒரு மத்தியானம் முழுக்க நம்பிக்கை இருந்தது. பிறகு குளிரில் வைத்துப் பார்த்தாள். மீட்டர் கிடக்கப்போவது மண்ணுக்கு அடியில். பேட்டரியும் வயதாகித் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் சுருக்கின டிரான்சிஸ்டருக்குப் பலம் போதவில்லை. வாசலில் புதியது வந்து நின்றது, கிளாக் வந்தது, செல் பழையதையே பிடித்துக்கொண்டு கிடந்தது. மறுபடி கிளாக். மறுபடி பழையது. தண்ணீர் ஓடுகிறது என்று வாசலில் கத்தினாலும் இல்லை என்றே பதில் சொல்லும் ஞாபகம்.

பலத்தைக் கூட்டினால் எடை கூடியது. எடையைக் குறைத்தால் செல் பிடிவாதம் பிடித்தது. நடுவில் எங்காவது ஒரு புள்ளி இருக்கும் என்று தேடினாள். இருந்தது. அந்தப் புள்ளியில் புது செல்லும் பழைய செல்லும் ஒரே அளவு தின்றன. புதிது கொஞ்சம் இடத்தை அதிகமாக அடைத்தது.

வாரத்தின் கடைசி நாள் மரக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்ன எழுதட்டும்?"

அவள் யோசித்துத்தான் பார்த்தாள். யோக்கியம் ஒன்றும் தடுக்கவில்லை. அவர் சொன்னபடி எழுதினால் இன்னும் கொஞ்ச காலம் பஸ், இருக்கை, நிரந்தரம் என்ற சொல். பிறகு சிப் வரும், அளப்பார்கள். அன்றைக்கு இவரையும் சேர்த்துக்கொண்டு விழ வேண்டியிருக்கும். அவருடைய தோளில் ஏறிக்கொண்டு தன் கணக்கைக் குறைத்துக் காட்டுவது ஏற்கெனவே ஒரு தடவை செய்தாயிற்று. இரண்டாவது தடவை தெரிந்தே செய்ய வேண்டும், அதுதான் வித்தியாசம்.

"உள்ளதயே எழுதுங்கண்ணே" என்றாள்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா மாறவா போகுது?"

கூட்டத்தில் தலை, மரக்காரர் எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் கேட்டார், "ஐடியல் சோர்ஸா? நீங்களா?"

"நான்தான் சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐடியா நல்ல ஐடியாதாங்க. வேற ஏதாவது சிப்புக்கு வேணா... பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "இதுக்குப் பழசையே போட்டுடலாம். பழசு தின்னுட்டுப் போகட்டும், நம்பலாம்." அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று பேசினார்கள். போடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மரக்காரர் லிஃப்ட்வரை வந்தார். "வீட்ல ஏதாவது மரம் கிரம் வச்சிருக்கியா?" என்றார்.

"ஒரு தொட்டிகூட இல்லண்ணே."

"அதுவும் நல்லதுதான்" என்றார்.

கணவனிடம் சாயங்காலம் சொன்னாள். அவன் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வரியாலயா?"

"ஒரு வரியாலதான்."

"வேற எங்கயாவது தேடிப் பாரேன்."

"தேடறேன். அதுவரைக்கும் நர்ஸம்மா?"

அவன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாராவது ஒருத்தர் இருக்கணும்ல" என்றான்.

"அந்த யாராவது ஒருத்தர் பேரச் சொல்லேன், கேப்போம்."

அவன் நிமிர்ந்தான். அவள் கிண்டல் செய்கிறாளா என்று முகத்தில் தேடினான். நாளெல்லாம் மூச்சை இழுத்துப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வந்தவன் இப்போது தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளும் அசையவில்லை. பிறகு அவன் எழுந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டான். போட்டும் கொடுத்தான். சர்க்கரை அதிகமாக இருந்தது.

நாத்தனார் போன் செய்தாள். "போனாப் போகுது அண்ணி, வெளி ஆளு எப்படியும் நம்மள மாதிரி பாக்க மாட்டா. எனக்கு இப்பதான் நிம்மதி."

நர்ஸம்மா தன் பையை எடுத்துக்கொண்டு, மாமியாரின் இடது கையைப் பிடித்து, "வரேன் பெரியம்மா" என்றாள். மாமியார் கண் கலங்கினார். இத்தனை வருடத்தில் மருமகளுக்காக ஒரு தடவையும் கலங்காத கண்.

நர்ஸம்மா போன பிறகு மாமியார், "அவள ஏண்டி அனுப்புன?" என்று கேட்டார்.

"நான் வந்துட்டேனே அத்தை."

"நீ வந்தா? அவ டிவி கதையெல்லாம் ஒண்ணுவிடாம சொல்லுவா. நீ என்ன சொல்லுவ?"

"ஃபிளிப்-ஃபிளாப் கதை சொல்லட்டுமா?"

"அது என்ன கதை?"

"ஒண்ணு படுத்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு வந்து வந்து பாத்துட்டுப் போகும்."

மாமியார் யோசித்தார். "யாரு சாவுவா கடைசில?"

"பேட்டரி."

"நல்லாவே இல்ல" என்று சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் கணவன் வேலைக்குப் போனான். அவள் மாமியாரைத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்தாள். மணியை ஸ்டூலின் ஓரத்திலிருந்து இடது கைக்கு எட்டும்படி தள்ளிவைத்தாள். அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் கேட்டது. வேலை தேடும் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். பெயரை அடித்தாள். கடைசி வேலையை விட்ட காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் கர்சர் மின்னியது, அணைந்தது, மின்னியது. மூடிவிட்டாள்.

மத்தியானம் குளிக்கப் போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கை தானாகக் குழாயை மூடியது. நின்று கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும் பீப் சத்தம். மணி இல்லை.

குழாயைத் திறந்தாள். கண்ணில் இறங்கிய நுரையைத் துடைப்பதற்குள் மறுபடி மூடினாள்.

மணி இல்லை.

திறந்தாள்.